பக்கத்து டிபார்ட்மென்ட்டுக்கு ஓர் ஆய்வுக்கட்டுரை

ஊட்டிக்காரர்களுக்கு இடியைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஏப்ரல், மே மதியங்களில் தொட்டபெட்டா பக்கம் கறுத்தால் போதும், வீட்டில் டிவி ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். தோட்டத்தில் இலை பறிப்பவர்கள் கூடையோடு ஷெட்டைப் பார்த்து ஓடுவார்கள். ஆனால் தலைக்கு மேலே நிற்கிற அந்த மேகத்துக்குள் எத்தனை வோல்ட் இருக்கும்? இதற்கு நம்பும்படியான ஒரு பதில் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கிடைத்தது. கிடைத்த இடமும் ஊட்டிதான்.

நான் இயற்பியல் நடத்தும் கல்லூரியிலிருந்து அந்த இடத்துக்கு ஆட்டோவில் போய்வரலாம். அந்த ஆய்வு ஜப்பானில் படிக்கப்பட்டது, அமெரிக்காவில் படிக்கப்பட்டது, உலகச் செய்திகளில் வந்தது. எங்கள் வராந்தாவின் மறுகோடியில் இருக்கும் புவியியல் துறைக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. மேகத்தையும் மழையையும் ஆண்டுதோறும் பாடமாக நடத்துபவர்கள் அவர்கள்தான். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே இருப்பது ஒரு தண்ணீர் டிரம்மும் நோட்டீஸ் போர்டும்.

உலக அளவில் நடக்கும் ஓர் ஆய்வு, ஒரு பல்கலைக்கழகத்துக்குள், ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு எப்படிப் போகிறது, ஏன் பெரும்பாலும் போவதில்லை என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஆராய்ச்சி என்றால் என்னவென்று இப்போதுதான் எட்டிப்பார்க்கும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். முதலில் அந்த மேகத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்றொரு ஆய்வுக்கூடம் இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்துவது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரம். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்வது அவர்கள் வேலை. இந்தக் கதிர்கள் காற்றில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறந்து, மழைபோல் கீழே கொட்டுகின்றன. உள்ளங்கையை விரித்து நீட்டினால் ஏறத்தாழ நொடிக்கு ஒரு மியூவான் அதைத் துளைத்துக்கொண்டு போகும், நமக்குத் தெரியாது. இவற்றை எண்ணுவதற்காக 6 மீட்டர் நீளமுள்ள 3,712 இரும்புக் குழாய்களை அடுக்கடுக்காக, 560 சதுர மீட்டர் பரப்பில், கனமான கான்கிரீட்டுக்கு அடியில் பதித்து வைத்தார்கள்.

எண்ணும்போது ஒரு தொந்தரவு இருந்தது. இடிமேகம் வந்து நின்றால் கணக்கு லேசாகக் குலையும். காஸ்மிக் கதிரைத் தேடுபவருக்கு இது எரிச்சல். ரேடியோவில் பாட்டுக் கேட்கும்போது வரும் கரகரப்பு மாதிரி, வடிகட்டி எறியவேண்டிய விஷயம். அதை எறியாமல், ‘இந்தக் குலைவு எவ்வளவு என்று தெரிந்தால், மேகத்துக்குள் எவ்வளவு மின்னழுத்தம் என்று சொல்லிவிடலாமே’ என்று திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். 2014 டிசம்பர் 1-ஆம் தேதி வந்த ஓர் இடிமேகத்தின்போது மியூவான் எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் குறைந்தது. அந்தக் குறைவை வைத்துக் கணக்குப் போட்டால் மேகத்துக்குள் 130 கோடி வோல்ட். நம் வீட்டு பிளக்கில் இருப்பது 230. அதற்கு முன் பலூனில் கருவி கட்டி மேகத்துக்குள் அனுப்பி அளந்ததில் கிடைத்த உச்ச அளவே இதில் பத்தில் ஒரு பங்குதான். 2019-இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் என்ற இதழில் கட்டுரை வெளியானது.

அங்கேதான் சிக்கலும். அது இயற்பியல் இதழ். புவியியல்காரர் அந்தப் பக்கம் போகமாட்டார். ஆராய்ச்சி இதழ்கள் ஏறக்குறைய ரேஷன் கடை மாதிரி; அவரவர் அட்டைக்கு அவரவர் கடை. மேகம் பற்றிய சரக்கு துகள் இயற்பியல் கடையில் இறங்கினால், மேகக் கடையில் வரிசையில் நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது.

ஓர் ஆய்வுக்கட்டுரையின் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆய்வாளர்கள் எழுதி முடித்ததும், பல துறைகளில் முதலில் அதை முன்வரைவாக இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். இயற்பியலில் இதற்கு 1991-லிருந்தே ஆர்க்கைவ் என்ற களஞ்சியம் இருக்கிறது. யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அப்புறம் அது ஓர் இதழுக்குப் போகும். அங்கே அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேர் படித்து, குறை சொல்லி, திருத்தச் சொல்லி, ஒப்புக்கொண்டால் அச்சாகும். முன்வரைவுக்கு இந்தச் சோதனை நடந்திருக்காது என்பதை மறந்துவிடக் கூடாது. அச்சானதும் கட்டுரைக்கு டிஓஐ என்றொரு நிரந்தர எண் கிடைக்கும், ஆதார் எண் மாதிரி. யாருக்காவது ஒரு கட்டுரையை அனுப்புவதென்றால் இந்த எண்ணை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிச்சுற்றி வரும் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பாதீர்கள்.

இதழ்களுக்கு ஆண்டுச் சந்தா உண்டு. மலைமேல் இருக்கும் ஒரு சின்னக் கல்லூரியால் கட்ட முடியாத தொகை. ரொம்ப காலம் எங்களுக்குச் சுருக்கம் மட்டும் தெரியும்; முழுக் கட்டுரை வேண்டுமென்றால் பெரிய நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்யும் பழைய மாணவர் யாரையாவது பிடிக்கவேண்டும். 2025-லிருந்து நிலைமை மாறியிருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற ஒன்றிய அரசுத் திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று நூலகரைக் கேளுங்கள். கேட்டுப் பார்க்காததாலேயே பூட்டு இல்லாத கதவுக்கு வெளியே நிற்பவர்கள் நிறையப் பேர்.

சரி, கதவு திறந்தாயிற்று. கட்டுரையும் கையில் இருக்கிறது. பக்கத்துத் துறைக்காரருக்கு அனுப்பியும் விட்டோம். படிப்பாரா? மாட்டார். இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

மேகக் கட்டுரையைப் படித்த உற்சாகத்தில், கல்லூரியில் எல்லாத் துறைக்கும் பிடிஎஃப் அனுப்பினேன். பதில் ஒன்று வந்தது, கைகூப்பும் படம். சரி, நேரிலேயே சொல்வோம் என்று ஒரு வியாழக்கிழமை மதியம் டீக்கும் வர்க்கிக்கும் சொல்லி, எல்லாரையும் கூப்பிட்டேன். 42 ஸ்லைடு. பன்னிரண்டாவது ஸ்லைடில் வணிகவியல் துறை பேராசிரியை ஒருவர் கையைத் தூக்கினார்.

“சார், ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்துலயும் பிழை இவ்வளவுன்னு அவங்களே போட்டிருக்காங்களே. தப்புன்னு தெரிஞ்சே எதுக்கு வெளியிட்டாங்க?”

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. தணிக்கைக் கணக்கு பார்ப்பவருக்குப் பிழை என்றால் பிழைதான். யாரோ தவறு செய்திருக்கிறார், கண்டுபிடித்துத் திருத்தவேண்டும். எங்களுக்கோ அது அளவின் எல்லை. எந்தக் கருவியும் ஓரளவுக்குத்தான் துல்லியம். அந்த அளவு எவ்வளவு என்று நேர்மையாகச் சொல்வதைத்தான் நாங்கள் பிழை என்கிறோம். அன்று நான் விளக்கிய விளக்கத்தில் அவர் மேலும் குழம்பினார். கடைசி பெஞ்சில் வர்க்கி தின்றுகொண்டிருந்த லேப் அட்டெண்டர் அண்ணன்தான் காப்பாற்றினார். “மேடம், முன்னபின்ன இருக்கும்னு சொல்றாங்க, அவ்வளவுதான்.” இன்றைக்கும் எங்கள் வியாழக்கிழமைகளில் ‘பிழை’ என்று யாரும் சொல்வதில்லை. ரெண்டு சதவீதம், இவ்வளவு முன்னபின்ன.

துறை மாறும்போது சொல் அப்படியே இருக்கும், பொருள் மாறிவிடும். இதுதான் பெரிய வழுக்கல். பிளாஸ்மா என்று நான் சொன்னால் அது சூரியனில் இருப்பது, அணுக்கள் மின்னூட்டம் பெற்றுக் கொதிக்கும் நிலை. விலங்கியல் துறைக்கு அது ரத்தத்தில் செல்களை நீக்கினால் மிஞ்சும் மஞ்சள் நீர். வெக்டர் எனக்குத் திசையுள்ள அளவு, அவர்களுக்கு நோய் பரப்பும் கொசு. கல்ச்சர் என்ற சொல்லை நுண்ணுயிரியல்காரரும் சமூகவியல்காரரும் ஒரே மேசையில் சொன்னால், பத்து நிமிடம் இருவரும் தலையாட்டிக்கொண்டே வெவ்வேறு விஷயம் பேசுவார்கள். புரியாத சொல்லால் வருகிற ஆபத்து குறைவு, கேட்டுவிடுவோம். புரிந்தமாதிரி இருக்கும் சொல்தான் கவிழ்த்துவிடும்.

செய்தியாக வெளியே போகும்போது இது இன்னும் மோசமாகும். 2015 ஜூன் 22-ஆம் தேதி சூரியனிலிருந்து கிளம்பிய ஒரு பெரும் வெடிப்பு பூமியைத் தாக்கியபோது, அதே ஊட்டிக் குழாய்களில் மியூவான் எண்ணிக்கை கொஞ்ச நேரம் எகிறியது. பூமியின் காந்தக் கவசம் தற்காலிகமாகத் தளர்ந்தது என்பது அதன் பொருள். மறு ஆண்டு கட்டுரை வெளிவந்தபோது பத்திரிகைகளில் வந்த தலைப்பு: காந்தக் கவசத்தில் விரிசல். விரிசல் என்றால் நமக்கு என்ன தோன்றும்? சுவரில் விட்ட விரிசல், அடைக்கிறவரை அப்படியேதான் இருக்கும், மழைக்கு மழை பெரிதாகும். எங்கள் தெருவில் ஒரு பாட்டி, “ஓட்டையை அடைச்சாச்சா தம்பி?” என்று என்னைக் கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தச் சொல்லுக்கு அதுதான் அடுத்த கேள்வி.

என்னுடைய 42 ஸ்லைடு தோல்விக்கு மூன்று வாரம் கழித்து, அதே கட்டுரையை ஒரு முதுகலை மாணவி சொன்னாள். ஸ்லைடு கிடையாது, சாக்பீஸ் மட்டும். அவள் அப்பா லாரி ஓட்டுபவர். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் இறக்கிவிட்டுத் திரும்பும்போது உர மூட்டை ஏற்றிக்கொண்டு மலையேறுபவர். பலகையில் குன்னூர் மலைப்பாதையை வரைந்தாள்.

“நீங்க குன்னூர்ல நின்னு, கீழேயிருந்து ஏறி வர்ற லாரியை எண்ணுறீங்க. பாதையை நீங்க பார்த்ததே இல்லை. தினமும் நூறு லாரி வருது. இன்னைக்குத் தொண்ணூத்தெட்டுதான் வந்துச்சு. இன்ஜின் வீக்கா இருக்கிற ரெண்டு வண்டி பர்லியாறுலயே நின்னுருச்சு. அப்ப பாதை இன்னைக்கு எவ்வளவு செங்குத்தா ஆயிருக்குன்னு கணக்குப் போடலாம் இல்லையா?”

மேகத்தின் மின்புலம்தான் அந்த ஏற்றம். மியூவான்களில் நேர்மின்னூட்டம் கொண்டவையும் உண்டு, எதிர்மின்னூட்டம் கொண்டவையும் உண்டு. மேகம் ஒரு வகையைத் தள்ளிவிடும், இன்னொரு வகையைப் பிடித்து இழுக்கும். இரண்டும் சம எண்ணிக்கையில் இருந்தால் லாபமும் நஷ்டமும் ஏறக்குறையச் சரியாகிவிடும். ஆனால் நேர்மின்னூட்ட மியூவான்கள் கொஞ்சம் அதிகம். அதனால் கணக்கு ஒரு பக்கம் சாய்கிறது. வேகம் குறைந்தவை மேலேயுள்ள கான்கிரீட்டைத் தாண்டமுடியாமல் நின்றுவிடுகின்றன. அவள் சொல்லி முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வணிகவியல் பேராசிரியை தலையாட்டினார். இந்த முறை நிஜமாகவே.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். புவியியல் துறை ஆசிரியை கேட்டார், “டிசம்பர் ஒண்ணாம் தேதின்னா அது வடகிழக்குப் பருவமழைக் காலத்து மேகம். கோடை இடியும் இதே மாதிரிதான் இருக்குமா? அன்னைக்கு மழை எவ்வளவு?” அந்தக் கட்டுரையைப் பலமுறை படித்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. எனக்கு அது ஒரு தேதி மட்டும்தான். அவருக்கு அந்தத் தேதியிலேயே காற்றின் திசையும் ஈரப்பதமும் தெரிந்தன.

துறைதாண்டிப் பகிர்வதில் என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். கைதட்டல் கிடைப்பதோ எல்லாருக்கும் எல்லாம் புரிவதோ பெரிய விஷயமில்லை. நம் துறைக்குள் இருந்து கேட்கவே முடியாத ஒரு கேள்வி கிடைத்தால், அந்த வியாழக்கிழமை வீண்போகவில்லை.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாணவர்கள் ஓர் எஸ்டேட் ஆபீசுக்குப் போனார்கள். தேயிலைத் தோட்டங்களில் மழைப் பதிவேடு வைப்பது பழைய வழக்கம். தடித்த அட்டைபோட்ட நோட்டு, மூலையெல்லாம் கரையான் அரித்தது, நாள்வாரியாக மில்லிமீட்டர் கணக்கு. ஆசையோடு பிரித்துப் பார்த்தால், ஒரு நாளைக்கு ஒரே ஓர் எண். காலையில் மழைமானியைப் பார்த்து எழுதியது. மேகக் கட்டுரை பேசுவதோ நிமிடக் கணக்கில் நடந்த ஒன்றைப் பற்றி. இரண்டையும் பொருத்தமுடியவில்லை. பையன்கள் முகம் வாடித் திரும்பினார்கள். ஆனால் தரவு என்பதன் கால இடைவெளி என்ன என்று முதலில் கேட்கவேண்டும் என்பதை அவர்களுக்கு இனி யாரும் பாடமாக நடத்தவேண்டாம்.

ஒரு துறை குப்பை என்று தள்ளுவதை இன்னொரு துறை குனிந்து எடுத்துக்கொள்வது மேகத்தோடு முடிவதில்லை. ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள முத்தோரைக்குப் போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். அங்கே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி கிடக்கிறது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் திட்டமிட்டு 1970-இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஊட்டியின் அட்சரேகை ஏறக்குறைய 11 டிகிரி. அதே 11 டிகிரி சாய்வுள்ள ஒரு சரிவைத் தேடிப்பிடித்து அதன்மேல் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. ஒரே அச்சில் உருட்டினாலே வானத்துப் பொருளை மணிக்கணக்காகத் தொடரலாம். மலையின் சாய்வையே கருவியின் பாகமாக்கிய இந்தச் சாமர்த்தியத்தை நான் எத்தனை முறை சொன்னாலும் அலுப்பதில்லை. அதே முத்தோரையில்தான் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஒரே ஸ்டாப்பில் இறங்கி, சிலர் கிழங்குக்கும் சிலர் வெகுதூரத்து விண்பொருளான குவேசாருக்கும் நடப்பார்கள்.

ரேடியோ மூலங்களிலிருந்து, அதாவது ரேடியோ அலை வீசும் வெகுதூரத்து விண்பொருள்களிலிருந்து, வரும் அலை, சூரியனிலிருந்து வீசும் துகள்காற்றைக் கடந்து வரும்போது நட்சத்திரம் மாதிரி மினுக்கும். மூலத்தைத் துல்லியமாக அளக்க நினைப்பவருக்கு அது இடைஞ்சல். சூரியக் காற்றை ஆராய்பவருக்கோ அந்த மினுக்கலே அளவுகோல். முத்தோரைத் தொலைநோக்கி பல ஆண்டுகளாக இந்த மினுக்கலை அளந்து, சூரியப் புயல்கள் பூமியை நோக்கி வருவதைத் தொடர்ந்து வந்திருக்கிறது. இங்கிலாந்தில் இதே மினுக்கலை அளக்கக் கட்டிய ஒரு கருவியில்தான், 1967-இல் ஜோஸ்லின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, காகிதச் சுருளில் மற்றவற்றோடு சேராத ஒரு சின்னக் கிறுக்கலைப் பார்த்தார். அதுதான் முதல் பல்சார், சுழன்றுகொண்டே சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்பு அனுப்பும் விண்மீன்.

இதைவிட எனக்குப் பிடித்தது நம் சேற்றுக் கதை. நீலகிரியின் உயர்மலைப் பள்ளங்களில் கறுப்பாக, பஞ்சுபோல் மக்கிய சேறு உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செத்த செடிகள் முழுதும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்தது. மேலே இன்றைய அடுக்கு, கீழே போகப்போகப் பழசு. செடிகள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும்போது அதில் எடை கூடிய கார்பனும் கொஞ்சம் கலந்திருக்கும். சோலை மரங்கள் எடை கூடியதை அதிகம் ஒதுக்கும். வறட்சி தாங்கும் சில புல்வகைகள் அவ்வளவு ஒதுக்குவதில்லை. ஆகவே சேற்றின் ஒரு துளியில் இரண்டு கார்பனும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்தால், அந்தக் காலத்தில் அங்கே மரம் நின்றதா, புல் நின்றதா என்று சொல்லிவிடலாம். யானை ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற ராமன் சுகுமாரும், ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகள்) அளவீட்டில் கைதேர்ந்த ஆர். ரமேஷ் முதலான விஞ்ஞானிகளும் சேர்ந்து இதைச் செய்து, 1993-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்புவரை பின்னோக்கிப் போகும் பதிவு அது. காலநிலை ஈரமானபோதும் வறண்டபோதும் மரமும் புல்லும் மாறி மாறி ஏறி இறங்கியிருக்கின்றன.

இந்தக் கட்டுரையைத் தாவரவியலோ புவி வேதியியலோ தங்களுக்குள் வைத்துக்கொண்டால் அது பழைய காலநிலை பற்றிய ஒரு செய்தி. வரலாற்றுத் துறையிடம் கொடுத்துப் பாருங்கள். பிரிட்டிஷார் இந்த மலைப் புல்வெளிகளைச் சும்மா கிடக்கும் நிலமாகப் பார்த்தார்கள். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நடவு தொடர்ந்தது. அந்தப் புல்வெளி, காட்டை யாரோ அழித்ததால் மிஞ்சிய பொட்டல் இல்லை. மனிதக் கை இங்கே பெரிதாகப் படுவதற்கு வெகு காலம் முன்பே இருந்தது என்று சேறு சொல்கிறது. எருமை மேய்க்கும் தோடர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. வனத்துறையில் வேலைக்குப் போகப்போகும் மாணவனுக்கு, சீகையை வெட்டி எடுத்துப் புல்வெளியை மீட்கும் வேலைக்கு, இது அடிப்படைப் பாடம். ஒரே கட்டுரை, ஒவ்வொரு மேசையிலும் வேறு கட்டுரையாகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 1952-இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைச் சோதித்து, சிக்கிள் செல் தன்மை (ரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரைக் குறை) இங்கே இருப்பதைக் கண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். இந்தியாவில் அது அறியப்பட்ட தொடக்கம் அதுதான். மானுடவியல் கேள்வியோடு கிளம்பிய வேலை மருத்துவத்தில் போய் முடிந்தது. மலேரியாவோடு அதற்குள்ள தொடர்பால் பரிணாம உயிரியலுக்கும் அது தேவைப்பட்டது. துறைதாண்டலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் ரத்தம் கொடுத்தவர்களின் ஊருக்கு அந்தத் தாள் என்றைக்குத் திரும்பி வந்தது? சிக்கிள் செல்லை ஒழிக்கும் தேசிய இயக்கம் தொடங்கியது 2023-இல்தான். வராந்தாவைத் தாண்டுவது கஷ்டம் என்று புலம்புகிறோம். கல்லூரி கேட்டைத் தாண்டி, பந்தலூர் பக்கத்துப் பணியர் பழங்குடிகளின் பாடிக்கு (குடியிருப்புக்கு) ஒரு முடிவைக் கொண்டுபோய், அவர்கள் மொழியில், பயமுறுத்தாமல் சொல்வது அதைவிடப் பல மடங்கு கஷ்டம். அதற்கு எங்கள் வியாழக்கிழமைகள் இன்னும் லாயக்காகவில்லை.

நீங்கள் உங்கள் கல்லூரியில் தொடங்குவதாக இருந்தால், எங்களுக்குப் பலித்த சில வழிகளைச் சொல்கிறேன். கட்டுரையை எழுத்தெண்ணிப் படிக்காதீர்கள். சுருக்கத்தைப் படியுங்கள், நேராகப் படங்களுக்குப் போங்கள், ஒவ்வொரு படத்தின் கீழும் இருக்கும் வரிகளைப் படியுங்கள். நிமிர்ந்து உட்கார வைக்கிற ஒரு படம் கிடைத்தால் அதை மட்டும் பலகையில் வரையுங்கள். என்ன அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள், முன்னபின்ன எவ்வளவு என்ற மூன்றும் தெரிந்தால் பாதிக் கட்டுரை கையில். சூத்திரம் எழுதாதீர்கள், கேட்டால் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் போடலாம். முகவரி கட்டுரையிலேயே இருக்கும். பதில் வராது என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் வரும், ஏனென்றால் தங்கள் வேலையைப் பற்றிக் கேட்பவர்கள் அவர்களுக்கும் குறைவுதான்.

சொல்பவர் அந்தத் துறைக்காரராக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. இப்போதெல்லாம் வேண்டுமென்றே மாற்றிப்போடுகிறோம். போன பருவத்தில் ஒரு தமிழிலக்கிய மாணவன் மண்புழு பற்றிய கட்டுரையைச் சொன்னான். விலங்கியல்காரர்கள் மூன்று இடத்தில் குறுக்கிட்டுத் திருத்தினார்கள். திருத்தும்போதுதான் அவர்களுக்குள்ளேயே ஓர் இடத்தில் கருத்து வேறுபாடு இருப்பது வெளியே வந்தது. டீ ஆறிப்போனது.

மேகக் கட்டுரைக்கு ஒரு முன்கதை உண்டு, அதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். இடிமேகத்தில் கோடிக்கணக்கான வோல்ட் உயர்ந்து 100 கோடியைத் தொடலாம் என்று 1929-லேயே ஊகித்தவர் இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன். 1894-இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சி வானிலைக் கூடத்தில் சில வாரங்கள் வேலை பார்த்தவர். அங்கே மூடுபனியின்மேல் விழும் நிழலைச் சுற்றி வண்ண வளையம் தெரிவதைக் கண்டு சொக்கிப்போய், அதை ஆய்வகத்தில் உண்டாக்கிப் பார்க்கக் கண்ணாடிக் கலத்துக்குள் செயற்கை மேகம் செய்தார். அந்த மேகக் கலத்தில் துகள்கள் ஓடிய தடம் கோடுகோடாகத் தெரிந்தது. 1927-இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. மியூவானைக் கண்டுபிடித்ததே, 1936-இல், அப்படிப்பட்ட மேகக் கலத்தில்தான். மேகத்தைப் பார்க்கச் செய்த கருவி மியூவானைக் காட்டிற்று; எண்பது ஆண்டு கழித்து அந்த மியூவான் மேகத்தை அளந்து கொடுத்திருக்கிறது.

இதைச் சொன்னதும் புவியியல் ஆசிரியை, அந்த வளையத்தைப் பார்க்க ஸ்காட்லாந்து போகவேண்டாம், கொடைக்கானல் போதும் என்றார். இரண்டு துறை மாணவர்களையும் சேர்த்து ஒரு வேனில் கூட்டிப்போனோம். காலையில் சூரிய ஆய்வுக்கூடம். 1904-லிருந்து சூரியனைப் படமெடுத்துச் சேர்த்துவைத்திருக்கும் இடம். அந்தக் கண்ணாடித் தகடுகளை இப்போது கணினிக்கு மாற்றி உலகத்துக்கே கொடுக்கிறார்கள். சாயங்காலம் பள்ளத்தாக்கை ஒட்டிய நடைபாதையான கோக்கர்ஸ் வாக். முதுகுப் பக்கம் வெயில், எதிரே பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மூட்டத்தின்மேல் எங்கள் நிழல்கள் நீளநீளமாக விழுந்தன, தலையைச் சுற்றி மெல்லிய வண்ண வட்டம்.

“மேடம், என் தலையைச் சுத்தித்தான் வளையம் இருக்கு. உங்களுக்கு இல்லை” என்றாள் லாரிக்காரர் மகள்.

“எனக்குத்தான்டி இருக்கு, உனக்கு எங்கே?” என்றார் அவர்.

வளையத்தின் நடுவில் எப்போதும் பார்ப்பவரின் தலைதான் இருக்கும். பக்கத்தில் நிற்பவருடையதை நாம் பார்க்கமுடியாது. ஏன் என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள் மூட்டம் கலைந்துவிட்டது. வேனுக்குத் திரும்பும்வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.